பனியில் உதிரும் கொம்புகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலையில், முதலாண்டு பௌதிக மாணவன் ஒருவன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "எங்க ஊர்க் காட்டோரம் ஆடு மேய்க்கப் போன தாத்தா எடுத்துட்டு வந்தார் சார்" என்றான். பிரித்துப் பார்த்தேன். ஒரு முழத்துக்கும் அதிக நீளமுள்ள மான் கொம்பு! மூன்று முனைகள், அடியில் கரடுமுரடான ஒரு வளையம்.

"பாவம், யாரோ மானைக் கொன்றுவிட்டார்கள் போலிருக்கிறது" என்றேன்.

அவன் வளையத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "வெட்டின தடமே இல்லையே சார்? உடைஞ்ச மாதிரியும் தெரியலையே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலையே நாங்கள் இருவரும் வனத்துறை அலுவலகத்துக்குச் சென்று அதை ஒப்படைத்தோம். (ஏன் ஒப்படைத்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.) அங்கிருந்த வனக்காவலர் கொம்பின் அடியைப் பெருவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார், சிரித்தார். "மான் சாகலை சார். எங்கேயாவது மேய்ஞ்சுக்கிட்டிருக்கும். கொம்பு மட்டும்தான் விழுந்திருக்கு. அதுக்கென்ன, புதுசு முளைச்சிடும்" என்றார்.

பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அன்று ஒரு வனக்காவலர் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படித்தபோது, உலகின் மறுபக்கத்தில் இப்படி உதிரும் கொம்புகளைத் தேடுவதற்கென்றே மக்கள் மலையேறுகிறார்கள் என்று அறிந்தேன். அந்தத் தேடலுக்குள் எவ்வளவு விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

இரு வகைக் கொம்புகள்

மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். ஆனால் இவை இரண்டும் முற்றிலும் வேறானவை.

மாடு, ஆடு, வெளிமான் ஆகியவற்றின் கொம்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே எலும்பாலான ஒரு தண்டு. அதன்மேல் நம் நகத்தைப் போன்ற கெராட்டின் என்னும் பொருளாலான உறை. இக்கொம்பு கிளை விடுவதில்லை. ஒருமுறை முளைத்தால் ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும். இதை நிலைக்கொம்பு என்று வைத்துக்கொள்வோம்.

புள்ளிமான், கடமான் போன்ற உண்மையான மான் குடும்பத்துப் பிராணிகளின் கொம்போ முழுவதும் எலும்பு. உறை எதுவும் கிடையாது. பல முனைகளாகக் கிளைக்கும். ஆண்டுதோறும் உதிர்ந்து, ஆண்டுதோறும் புதிதாக முளைக்கும். இதை உதிர்கொம்பு என்று அழைப்போம். பொதுவாக ஆண் மானுக்கு மட்டுமே இது உண்டு. வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் வாழும் பனிக்கலைமான் இதற்கு விலக்கு. அதில் பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும்.

சென்னை கிண்டிப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் ஒரே இடத்தில் மேய்வதைக் காணலாம். பெயரில் இரண்டும் மான்தான். ஆனால் திருகிய கொம்புடைய வெளிமான் உறவுமுறையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நெருக்கம். அதன் கொம்பு உதிர்வதில்லை.

இயற்கையில் எந்த விதிக்கும் ஒரு குறும்புக்காரப் பிராணி இருக்குமல்லவா? அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ப்ராங்ஹார்ன் என்ற பிராணி, உள்ளிருக்கும் எலும்பை வைத்துக்கொண்டு மேலுறையை மட்டும் ஆண்டுதோறும் கழற்றிப் போடுகிறது!

ஓராண்டின் கதை

குளிர்நாட்டு மான் ஒன்றின் ஓராண்டைப் பின்தொடர்வோம். வசந்த காலத்தில், நெற்றி எலும்பிலிருந்து எழும் இரு மேடுகளின் மேல் கொம்பு முளைக்கத் தொடங்குகிறது. அப்போது அதைப் போர்த்தியிருப்பது வெல்வெட் துணிபோல் மிருதுவான, மயிரடர்ந்த ஒரு தோல். அதில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருக்கும்; தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கொம்பு நுனியில்தான் வளர்கிறது. முதலில் குருத்தெலும்பாக நீண்டு, பின்னாலேயே சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாகிறது.

அந்த வளர்ச்சியின் வேகம் வியப்பூட்டுவது. எல்க் என்னும் பெரிய வட அமெரிக்க மானில் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது கொம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நீள்கிறது. நம் கைவிரல் நகம் நாளொன்றுக்குச் சுமார் 0.1 மி.மீ. வளர்கிறது. அதாவது கொம்பு நகத்தைப்போல் 200 மடங்கு வேகத்தில் வளர்கிறது! பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு விரைவாக வளரும் எலும்பு வேறில்லை. இதற்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரசும் தினசரித் தீவனத்திலிருந்து மட்டும் கிடைத்துவிடாது. ஆகவே மான் தன் விலா எலும்பு முதலியவற்றிலிருந்தே கடன் வாங்குகிறது. பிறகு மேய்ந்து அந்தக் கடனைத் தீர்க்கிறது.

கோடையின் இறுதியில் மானின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண்பால் ஹார்மோன் பெருகுகிறது. கொம்பு முற்றிக் கெட்டிப்படுகிறது. வெல்வெட் தோல் இரத்தவோட்டம் நின்று காய்கிறது. மான் மரங்களில் உராய்ந்து அதை உரித்தெறிகிறது. இப்போது தலைமேல் இருப்பது கூரான, உணர்ச்சியற்ற எலும்பு. இலையுதிர் காலத்தில் ஆண்கள் இக்கொம்புகளைக் கோத்துத் தள்ளிப் பலம் பார்க்கின்றன.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஹார்மோன் அளவு இறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அது போனவுடன், நெற்றி மேடும் கொம்பும் சேருமிடத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. நேற்றுவரை இன்னொரு மானின் முழு எடையையும் தாங்கி நின்ற இணைப்பு அரிக்கப்பட்டு, பழுத்த இலையின் காம்பைப் போலாகிவிடுகிறது. ஒரு சிறு அதிர்ச்சி, ஒரு தாவல், சில வேளைகளில் கொம்பின் சொந்த எடையே போதும். அது கழன்று விழுகிறது. மற்றொன்றும் சில மணிகளிலோ சில நாட்களிலோ விழுந்துவிடும். காயத்தில் பொருக்குத் தட்டி ஆறுகிறது. வசந்தத்தில் மீண்டும் முதலிலிருந்து!

வெட்டிய தடமோ உடைந்த தடமோ என் மாணவன் கண்ணில் படாததன் காரணம் இதுதான். கொல்லப்பட்ட மானின் கொம்பில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கும். தானாக உதிர்ந்த கொம்போ வளையத்தோடு முடிந்துவிடும்.

முனைகளை எண்ணி மானின் வயதைச் சொல்லலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. முனைகளின் எண்ணிக்கை தீவனத்தையும் உடல்நலத்தையும் பரம்பரையையும் பொறுத்தது. கிழ மானில் அது குறைவதும் உண்டு.

சூரியன் கட்டும் கடிகாரம்

மானுக்கு நாள்காட்டி தெரியாது. பின் எப்படி ஆண்டுதோறும் தவறாமல் உரிய காலத்தில் கொம்பை உதிர்க்கிறது? அது பார்ப்பது பகற்பொழுதின் நீளத்தை. இருட்டு நேரத்தில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பு நேரமும் நீளும். இதைக் கொண்டு உடல் பருவத்தைக் கணித்து மற்ற ஹார்மோன்களை ஏற்றி இறக்குகிறது.

இதை அழகிய சோதனைகளால் காட்டியவர் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு காஸ். 1960களில் அவர் ஜப்பானிய இனமான சிகா மான்களைக் கொட்டகையில் அடைத்து, மின்விளக்குகளால் பகலையும் இரவையும் தம் விருப்பப்படி அமைத்தார். ஓராண்டில் நிகழும் பகல் நீள மாற்றங்களை ஆறே மாதங்களுக்குள் சுருக்கியபோது, மான்கள் ஆண்டுக்கு இருமுறை கொம்பு மாற்றின! பகல் 12 மணி, இரவு 12 மணி என்று மாற்றமே இல்லாமல் வைத்தபோது, மான்கள் பழைய கொம்பை மாற்றாமலே இருந்துவிட்டன. அவற்றைப் பொறுத்தவரை ஆண்டு நகரவே இல்லை.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. அங்கு மிக நீண்ட பகல் 12 மணி 53 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 21 நிமிடம். வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரந்தான். ஆகவேதான் நம் புள்ளிமான் கூட்டத்தில், கெட்டிக் கொம்புடைய ஆண், வெல்வெட் கொம்புடைய ஆண், கொம்பே இல்லாத ஆண் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடிகிறது. ஒவ்வோர் ஆணும் தன் சொந்தக் கணக்கின்படி கொம்பு மாற்றுகிறது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஜாக்ஸன் நகரமோ 43.5 பாகை வடக்கே உள்ளது. அங்கு நீண்ட பகல் சுமார் 15½ மணி. குறுகிய பகல் சுமார் 9 மணி. இவ்வளவு பெரிய மாற்றத்தை எந்த மானும் கவனிக்கத் தவறாது. எனவே மான்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கின்றன. வெண்வால் மானும், கோவேறு கழுதையைப் போன்ற காதுடைய மியூல் மானும் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை உதிர்க்கும். எல்க் மான் மார்ச், ஏப்ரலில் உதிர்க்கும். ஓரிரு மாதங்களில் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் கொம்புகள்! அதனால்தான் அங்கே தேடல் ஒரு வழக்கமாகவே வளர்ந்தது.

எந்தச் சரிவில் தேடுவது?

"காட்டில் நடந்தால் கிடைத்துவிடாதா?" என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். நடப்பவர் இருபுறமும் 5 மீட்டர் தூரம் நன்றாகப் பார்க்கிறார் என்றால், ஒரு நடையில் அவர் அலசுவது 10 மீட்டர் அகலப் பட்டை. 1 சதுர கி.மீ. நிலத்தை முழுவதும் அலச அப்படி 100 பட்டைகள் வேண்டும். அதாவது 100 கி.மீ. நடக்க வேண்டும்! ராக்கி மலைத்தொடரில் அப்படிப்பட்ட சதுர கிலோமீட்டர்கள் எத்தனையோ ஆயிரம். ஆகவே காலை வீசி நடப்பதற்கு முன் கருத்தைச் செலுத்த வேண்டும்.

மான் எங்கே அதிக நேரம் நிற்கிறதோ அங்கேதான் கொம்பு விழும். குளிர்காலத்தில் மான் எங்கே நிற்கும்? பனி மெல்லியதாகவும், புல் வெளியே தெரிவதாகவும், வெயில் படுவதாகவும் உள்ள இடத்தில். அனுபவமுள்ளவர்கள் இதைத் "தெற்கு நோக்கிய சரிவு" என்று ஒரே சொற்றொடரில் சொல்லிவிடுவார்கள். ஏன் தெற்கு? இங்கேதான் பௌதிகம் கைகொடுக்கிறது.

பிப்ரவரி நடுவில் சூரியன் வான நடுக்கோட்டுக்குச் சுமார் 13 பாகை தெற்கே இருக்கும். ஜாக்ஸனில் நண்பகலில் சூரியனின் உயரம்:

90 – 43.5 – 13 = 33.5 பாகை.

ஒரு பரப்பில் விழும் நேர்க்கதிர் ஆற்றல், கதிருக்கும் அப்பரப்புக்கும் இடையேயுள்ள கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. இப்போது மூன்று நிலங்களை ஒப்பிடுவோம். சமதரையில் கோணம் 33.5 பாகை, சைன் மதிப்பு 0.55. தெற்கு நோக்கி 30 பாகை சரிந்த மலைப்பக்கத்தில் கோணம் 33.5 + 30 = 63.5 பாகை, மதிப்பு 0.89. வடக்கு நோக்கி அதே அளவு சரிந்த பக்கத்தில் கோணம் 33.5 – 30 = 3.5 பாகை, மதிப்பு 0.06.

தெற்குச் சரிவு பெறும் நேர்வெயில், வடக்குச் சரிவு பெறுவதைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு! ஒரே மலை, ஒரே நேரம், ஒரே குளிர்காற்று. ஆனால் ஒரு பக்கம் புல், மறுபக்கம் இடுப்பளவு பனி.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். அதே நாளில் சென்னையில் நண்பகல் சூரியனின் உயரம் 90 – 13 – 13 = 64 பாகை. அதாவது ஜாக்ஸன் மலையின் தெற்குச் சரிவில் வெயில் விழும் கோணமும், நம் சென்னைக் கடற்கரை மணலில் விழும் கோணமும் ஏறக்குறைய ஒன்றே! தரையை 30 பாகை சாய்ப்பது, சூரியனைப் பொறுத்தவரை, பூமியில் 30 பாகை தெற்கே பயணம் செய்வதற்குச் சமம். மான் பயணம் செய்வதில்லை. மலையைச் சுற்றி மறுபக்கம் போய்விடுகிறது.

ஒருமுறை பனி உருகத் தொடங்கினால் வேலை மேலும் விரைவாகும். புதிய வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒரு கையகல மண் வெளியே தெரிந்துவிட்டால், அந்தக் கரிய மண் ஒளியை உறிஞ்சிச் சூடாகிச் சுற்றியுள்ள பனியையும் உருக்கும். இத்தகைய திட்டுகளில்தான் மான்கள் கூடுகின்றன.

கண்ணைப் பழக்குதல்

சரிவைத் தேர்ந்தெடுத்த பின் தேடல் நுட்பமாகிறது. மான்கள் படுத்தெழும் இடங்கள், நடந்து நடந்து பதிந்த தடங்கள், தாவிக் கடக்கும் கம்பிவேலிகள், ஓடைப் பள்ளங்கள் ஆகியவற்றை முதலில் பார்க்கிறார்கள். வேலியைத் தாண்டிக் கால் ஊன்றும் கணத்தில் மானின் தலை திடீரென்று வேகம் குறைகிறது. கொம்போ நிலைமத்தின் காரணமாக முன்னோக்கிச் செல்லவே முயல்கிறது. இணைப்பு அரிக்கப்பட்டிருந்தால் அங்கேயே கழன்றுவிடும். பஸ் சட்டென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்வது எதனாலோ, அதனாலேதான்!

புதிதாக உதிர்ந்த கொம்பு பழுப்பு நிறமாக இருக்கும். காய்ந்த கிளைகளுக்கிடையே கிடந்தால் கண்ணுக்கே தட்டுப்படாது. ஆகவே அவர்கள் "கொம்பைத்" தேடுவதில்லை. ஒரு வளைவைத் தேடுகிறார்கள். குச்சிகள் கோணலும் மாணலுமாக இருக்கும்; கொம்பின் வளைவு சீரானது. தேய்ந்து மெருகேறிய நுனி வெளிறித் தெரியும். கொளுத்தும் வெயிலைவிட மேகமூட்டமான நாள் சிறந்தது. ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் குழப்பும் நிழல்கள் இல்லை. மழை நனைத்த பின் கொம்பின் மழமழப்பான பரப்பு ஒளியைப் பிரதிபலித்து மின்னும். ஒன்று கிடைத்தால் அதன் ஜோடி அருகிலேயே கிடைக்கவும் வாய்ப்புண்டு. ஓராண்டு, ஈராண்டு வெயிலில் கிடந்த கொம்பு வெளுத்து, பிறகு நீளவாட்டில் வெடிக்கும். தேடுபவர்கள் நிறத்தைப் பார்த்தே அதன் காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

எலும்பா, எஃகா?

கிடைத்த கொம்பைக் கையில் எடுப்போம். பெரிய எல்க்கின் இரு கொம்புகளும் சேர்ந்து 10 கிலோவுக்கு மேல் இருக்கும். இதைத் தலையில் சுமந்துகொண்டு மோதுவதென்றால் சாதாரண எலும்பு தாங்குமா?

300 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ½ × 300 × 2 × 2 = 600 ஜூல். 1 கிலோ கல்லை 60 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல் அது!

1979இல் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஜான் கரி மூன்று எலும்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்: சிவப்பு மானின் கொம்பு, பசுவின் தொடை எலும்பு, திமிங்கலத்தின் செவி எலும்பு. தாதுப்பொருளின் அளவு கொம்பில் சுமார் 59 சதவீதம், தொடையில் 67, செவியில் 86. விறைப்பைக் காட்டும் யங் குணகமும் இதே வரிசையில் ஏறியது: செவி எலும்பு கொம்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஆனால் முறிப்பதற்குச் செய்யவேண்டிய வேலையை அளந்தபோது வரிசை தலைகீழாயிற்று. ஒரு சதுர மீட்டர் முறிவுப் பரப்புக்குக் கொம்பு சுமார் 6,200 ஜூல் கேட்டது; தொடை எலும்பு 1,700; செவி எலும்பு வெறும் 200!

வகுப்பறையில் இதை நீங்களே உணரலாம். சாக்குக்கட்டி விறைப்பானது, வளைத்தால் படக்கென்று ஒடியும். மூங்கில் குச்சி வளையும், எளிதில் ஒடியாது. செவி எலும்பு ஒலியைக் கடத்த விறைப்பாக இருக்கவேண்டும். மோதல் அதன் தொழிலன்று. தொடை எலும்பு உடலைத் தாங்க வளையாமலும் உடையாமலும் இருக்கவேண்டும். கொம்பின் தொழிலோ மோதலின் ஆற்றலை வளைந்து வாங்கிக்கொள்வது. ஒரே மூலப்பொருள்களைக் கொண்டு, கலவை விகிதத்தை மாற்றியே இயற்கை மூன்று வேலைகளையும் செய்துகொள்கிறது.

ஏன் காத்திருக்கச் சொல்கிறது சட்டம்?

ஜாக்ஸன் நகரையொட்டி 1912இல் நிறுவப்பட்ட தேசிய எல்க் சரணாலயம் உள்ளது. பல்லாயிரம் எல்க்குகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உதிர்ந்த கொம்புகளை அனுமதி பெற்ற சாரணச் சிறுவர்கள் பொறுக்குகிறார்கள்; 1968 முதல் அவை மே மாதத்தில் நகரச் சதுக்கத்தில் ஏலம் விடப்படுகின்றன. வருமானத்தின் பெரும்பகுதி சரணாலயத்துக்கே திரும்புகிறது. அச்சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் ஆயிரக்கணக்கான கொம்புகளைப் பின்னிக் கட்டிய வளைவுகள் நிற்கின்றன.

ஆனால் கொம்புக்கு விலை ஏற ஏற, பொது நிலங்களில் போட்டியும் ஏறியது. பிறர் எடுப்பதற்குள் எடுத்துவிட வேண்டுமென்று, மான்கள் இன்னும் கொம்போடு நிற்கும்போதே ஆட்கள் பனிக்குள் புகுந்தார்கள். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? மறுபடியும் கணக்குப் போடுவோம்.

குளிர்காலப் புல்லில் சத்து குறைவு. மான் கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தே வசந்தத்தை எட்டுகிறது. 80 கிலோ மான் ஒன்று மனிதனைக் கண்டு மிரண்டு 100 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிரான வேலை 80 × 9.8 × 100, அதாவது சுமார் 78,000 ஜூல். தசைகளின் திறன் கால் பங்குதான் என்று கொண்டால், எரிக்கவேண்டிய ஆற்றல் சுமார் 3,14,000 ஜூல். இதற்கு எட்டரை கிராம் கொழுப்பு வேண்டும்.

"எட்டரை கிராம்தானே!" என்று எண்ணாதீர்கள். நாளுக்கு மூன்று முறை, நூறு நாள் விரட்டப்பட்டால் அது இரண்டரை கிலோவாகிவிடும். இதுவும் கெட்டித் தரையில் ஏறுவதற்கான கணக்கு. மார்பளவு பனியில் ஒவ்வோர் அடிக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைக்கையில் செலவு பன்மடங்காகும். பெண் மான்களின் வயிற்றில் அப்போது குட்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். சேமிப்பு தீர்ந்த மான், பசும்புல் முளைக்க இரண்டு வாரம் இருக்கும்போது விழுந்து மடிகிறது. யாரும் அதைச் சுடவில்லை. யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

எனவேதான் வயோமிங் மாநிலத்தின் மேற்குப் பகுதிப் பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்குவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. மே முதல் நாள் காலையில்தான் வாயில் திறக்கும். யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களிலோ எந்தக் காலத்திலும் எடுக்கக்கூடாது. கொம்பு எங்கும் ஓடிப்போவதில்லை. பனி உருகும்வரை காத்திருக்கும். காத்திருக்க முடியாதது மானின் வயிறு.

எடுக்காத கொம்பு என்னாகும்?

காட்டில் அது வீணாவதில்லை. எலிகளும் அணில்களும் முள்ளம்பன்றிகளும் கொறித்துத் தமக்கு வேண்டிய கால்சியத்தையும் பாஸ்பரசையும் பெறுகின்றன. மான்களே உதிர்ந்த கொம்பை மெல்வதுண்டு; நம் புள்ளிமானும் அப்படிச் செய்யும். மிச்சம் மண்ணோடு கலந்து புல்லாகிறது. புல்லை மான் மேய்கிறது. அது மறுபடி கொம்பாகிறது.

இனி, அந்தக் கொம்பை நாங்கள் ஏன் ஒப்படைத்தோம் என்பதைச் சொல்லவேண்டும். ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வனவிலங்கின் தோல், பல், நகம் ஆகியவற்றோடு கொம்பையும் அரசின் உடைமையாகக் கருதுகிறது. தானாக உதிர்ந்ததாயினும் நாம் வைத்துக்கொள்ள முடியாது. காரணம் எளிது. கொம்பு விற்பனைக்கு வந்துவிட்டால், உதிர்ந்த கொம்பு எது, கொன்றெடுத்த கொம்பு எது என்று யார் பிரித்துச் சொல்வது? மண்டையோட்டுத் துண்டை ரம்பத்தால் அறுத்துவிட எவ்வளவு நேரமாகும்?

ஆகவே நண்பர்களே, காட்டோரம் கொம்பைக் கண்டால் எடுக்காதீர்கள், வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள். ஆனால் தேடலை விட்டுவிட வேண்டாம். கிண்டிக்கோ வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கோ போகும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுசெல்லுங்கள். எத்தனை ஆண் புள்ளிமான்கள் கெட்டிக் கொம்போடு இருக்கின்றன, எத்தனை வெல்வெட் கொம்போடு, எத்தனை கொம்பே இல்லாமல் என்று தேதியிட்டுக் குறித்துவாருங்கள். ஓராண்டு முடிந்ததும் வரைபடத்தாளில் வரைந்து பாருங்கள். ஒன்றரை மணி நேரமே மாறும் நம் பகல், நம் மான்களின் நாள்காட்டியை எப்படி எழுதுகிறது என்பது உங்கள் கண்முன் தெரியும்.

அந்த மாணவன் அன்று வனத்துறை அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்: "இன்னொரு கொம்பு எங்க சார் விழுந்திருக்கும்?" அது எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு புதரடியில் ஓர் எலி அதைக் கொறித்துக்கொண்டிருந்திருக்கும். அது இருக்கவேண்டிய இடமும் அதுதான்.